கத்தரி பிடிக்க மறுக்கும் கை எதோடு போராடும்?

கேள்வி இதுதான்: "எனக்கு வயது 33. வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறேன். எட்டு மாதமாக இரண்டு கை விரல்களும் வீங்கி, காலையில் மடக்கவே முடியவில்லை. முடக்குவாதம் என்று இப்போது சொல்லிவிட்டார்கள். கத்தரி பிடித்து ஒரு ரவிக்கை வெட்ட முடியவில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் 'நம்பிக்கையோடு இரு, போராடு' என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போகிறார்கள். எதோடு போராடுவது? எப்படிப் போராடுவது?"

அந்தக் காபியைப் போட்டுக் கொடுத்ததும் நீங்களாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

எனக்கு இந்த நோய் வந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. திருநெல்வேலிப் பக்கம் ஓர் உதவிபெறும் பள்ளியில் கணித ஆசிரியை. மருத்துவர் அல்ல. ஆனால் இந்த நோயைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். வாத நோய் நிபுணர்கள் இருவரைக் கேள்வி கேட்டே களைத்துப்போக வைத்திருக்கிறேன். அந்தத் துணிச்சலில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். வலி குறைந்த நேரமாகப் பார்த்துப் படியுங்கள், தங்கையே.

முதலில் எதிரி யார் என்று பார்த்துவிடுவோம். நம் உடம்பில் கிருமியை அடிப்பதற்கென்று ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது. முடக்குவாதத்தில் அந்தக் காவல்காரன் வீட்டுக்காரனையே திருடன் என்று நினைத்துத் தடியைத் தூக்கிவிடுகிறான். அவன் அடிப்பது மூட்டுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வை. அது வீங்கித் தடித்து, பக்கத்தில் உள்ள குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. இரண்டு கையிலும் ஒரே மாதிரி வருவது, விரல் நுனி மூட்டை விட்டுவிட்டு அடி மூட்டையும் நடு மூட்டையும் பிடிப்பது, காலையில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் கை மரக்கட்டையாகக் கிடப்பது எல்லாம் இதன் அடையாளங்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது.

"போராடு" என்று சொல்கிறவர்களுக்கு இது புரிவதில்லை. எதிரி வாசலில் நிற்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வீங்கிய விரலால் கத்தரியை அழுத்தினால் நோய் தோற்றுப் போகாது, மூட்டுதான் தேயும். வலியைப் பொறுத்துக்கொள்வதை வீரம் என்று நினைத்து நான் முதல் ஆண்டில் கெடுத்துக்கொண்ட விரல் ஒன்று இருக்கிறது. வலது கை ஆள்காட்டி விரல். இன்றும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துதான் நிற்கிறது.

நான் கெடுத்துக்கொண்டது அந்த விரல் மட்டுமல்ல. ஏழு மாதங்களையும் கெடுத்துக்கொண்டேன். நம்பிக்கையைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். நோய் என்னவென்று தெரிந்த பிறகும், "மூன்றே மாதத்தில் வேரோடு அறுத்துவிடலாம்" என்று ஒருவர் சொன்னதை நம்பினேன். ஊரும் பேரும் வேண்டாம். சாம்பல் நிறப் பொடி, காகிதப் பொட்டலத்தில். முதல் வாரத்திலேயே வலி பறந்துவிட்டது. ஓடியாடி வேலை செய்தேன். வருகிற போகிறவர்களிடமெல்லாம் அந்த முகவரியைக் கொடுத்தேன். பிறகு முகம் பூரி மாதிரி உப்பத் தொடங்கியது. பொடியை நிறுத்தியதும் கட்டிலிலிருந்து இறங்க முடியவில்லை. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்று பின்னால் பார்த்த நிபுணர் சொன்னார். இந்த நோய் மூட்டை வேகமாக அரிப்பது முதல் இரண்டு ஆண்டுகளில்தான். அந்தக் காலத்தில் ஏழு மாதம் என்பது பெரிய தொகை. அதைக் கொண்டு போய்க் கொட்டியது அவநம்பிக்கை அல்ல, என்னுடைய நம்பிக்கைதான். எனவே யாராவது "நம்பிக்கையோடு இரு" என்றால், "எதன் மேல்?" என்று கேட்பது திமிர் ஆகாது.

ஸ்டீராய்டு என்றால் விஷம் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கும் ஒரு கதை உண்டு. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு ஒரு புதிய ஊசியைப் போட்டார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்து, கடைவீதிக்கே போய் வந்துவிட்டார். அந்த மருந்துதான் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு. 1950இல் ஹென்ச் உள்ளிட்ட மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உலகமே நோய் ஒழிந்தது என்று கொண்டாடியது. பிறகுதான் உப்பிய முகமும் நொறுங்கும் எலும்புமாக மறுபக்கம் தெரிய வந்தது. இன்று மருத்துவர்கள் அதைக் குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு, கண்காணிப்போடு தருகிறார்கள். என் பொட்டலக்காரர் கண்காணிப்பு இல்லாமல் தந்தார். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அந்த வித்தியாசத்தில்தான் என் எலும்பு இருந்தது.

ஆகவே உங்கள் முதல் வேலை, இன்னும் செய்யவில்லை என்றால், ஒரு வாத நோய் நிபுணரைப் பார்ப்பது. எலும்பு மருத்துவரை அல்ல, வாத நோய்க்கென்றே படித்தவரை. பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரையில் தொடங்குவார்கள். இந்த மாத்திரை வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தினமும் போட்டு உயிருக்கே ஆபத்தைத் தேடிக்கொண்டவர்கள் உண்டு; காலண்டரில் கட்டம் போட்டு வையுங்கள். நான் சனிக்கிழமை இரவு போடுகிறேன், மறுநாள் சோர்ந்து கிடந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். கூடவே ஃபோலிக் அமிலம் தருவார்கள். குறித்த இடைவெளியில் ரத்தப் பரிசோதனை உண்டு. குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் மாத்திரை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும், அதை மறைக்கவே கூடாது. இது உடனே வேலை செய்யாது. ஆறு வாரமோ பன்னிரண்டு வாரமோ ஆகும். அந்தப் பன்னிரண்டு வாரத்தில்தான் பொட்டலக்காரர்கள் வாசலுக்கு வருவார்கள்.

இன்னொரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். நான் நாள் குறிப்பேன். பொங்கலுக்குள் சரியாகிவிடும் என்று குறித்தேன். பொங்கல் வந்தது, பானையை என் மாமியார்தான் இறக்கினார். சித்திரைக்குள் என்று மாற்றினேன். பிறகு நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தில் வடம் தொட்டே தீருவேன் என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். தேரன்று ரத வீதியில் ஒரு கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். தேர் அசைந்து அசைந்து என்னைத் தாண்டிப் போயிற்று. வடத்தைத் தொட யாரும் தடுக்கவில்லை. இறங்கிப் பத்தடி நடந்திருக்கலாம். தொடுவது என்று நான் மனத்தில் வைத்திருந்தது பழைய கையால் இறுகப் பிடித்து இழுப்பதை. அது இல்லை என்றதும் விரல் நுனியால் தொட மனம் வரவில்லை. வலியால் அழுததைவிட அன்று அதிகம் அழுதேன். ஒவ்வொரு தேதியும் தவறிப்போகும்போது உள்ளே ஒரு செங்கல் உருவிக்கொண்டு போவதுபோல் இருந்தது. அதற்குப் பிறகு நாள் குறிப்பதை விட்டுவிட்டேன்.

இனி மதுரைக்காரர் ஒருவரைப் பற்றி. அவருடைய மருத்துவமனையின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அவருடைய கையைப் பற்றித் தெரிந்திருக்காது.

கோவிந்தப்ப வெங்கடசாமி 1918இல் எட்டயபுரம் பக்கத்தில் அயன் வடமலாபுரம் என்ற கரிசல் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஆற்று மணலைப் பரப்பி அதில் எழுத்துப் பழகிய தலைமுறை. சிறுவனாக இருந்தபோது உறவுப் பெண்கள் மூன்று பேர் பிள்ளைப்பேற்றில் இறந்துபோனார்கள். மருத்துவராக வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வந்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல், பிறகு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. 1944இல் படிப்பு முடிந்தது. ராணுவத்தில் மருத்துவராகச் சேர்ந்தார். பிரசவ மருத்துவராக வேண்டும் என்பதுதான் அவர் விருப்பம்.

முப்பது வயது நெருங்கும்போது முடக்குவாதம் வந்தது. 1948இல் ராணுவத்திலிருந்து வெளியே வந்தார். மாதக்கணக்கில் படுக்கை. நிற்க முடியவில்லை, பேனா பிடிக்க முடியவில்லை. விரல்கள் கோணி முறுக்கிக்கொண்டன. கடைசிவரை அவை நிமிரவில்லை. மேயோ கிளினிக்கில் அந்தப் பெண் எழுந்து நடந்த அதே காலகட்டம்தான் அது என்பதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். மெத்தோட்ரெக்சேட் நம் நோய்க்குப் பொது வழக்கத்துக்கு வர இன்னும் முப்பது நாற்பது ஆண்டுகள் இருந்தன.

பிரசவ மருத்துவம் அவரை விட்டுப் போயிற்று. நின்று செய்கிற, பலம் கேட்கிற, இரவெல்லாம் காத்திருக்க வைக்கிற வேலை அது. இந்த இடத்தில்தான் நான் நிறுத்தி நிறுத்திப் படிப்பேன். பத்து வயதிலிருந்து வளர்த்த ஆசை அது. அதற்குப் பின்னால் மூன்று சாவுகள் இருந்தன. இருந்தும் அவர் அதைத் துரத்திக்கொண்டு போகவில்லை. திரும்ப மாணவராகப் போய்க் கண் மருத்துவம் படித்தார். 1951இல் பட்டயம், 1954இல் முதுநிலைப் பட்டம்.

கோணிய விரலோடு கண் அறுவையா என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது (இது என் ஊகம், அவர் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்). நம் நோய் முதலில் பறிப்பது வலுவை. ஜாடி மூடியைத் திருக முடியாது, குக்கரைத் தூக்க முடியாது. நுட்பம் அவ்வளவு சீக்கிரம் போய்விடுவதில்லை. குக்கர் தூக்க முடியாத நான் பூ கட்டுவேன். கண்ணில் செய்யும் அறுவை வலுவைக் குறைவாகவும் நுட்பத்தை அதிகமாகவும் கேட்கிறது. அசைவெல்லாம் மில்லிமீட்டர் கணக்கில்தான். இருந்ததில் எது மீதி என்று பார்த்து, அந்த மீதிக்கு எந்த வேலை பொருந்தும் என்று அவர் தேடியிருக்க வேண்டும்.

அதற்குமேல் கருவிகளைத் தன் விரலுக்கு ஏற்றபடி வடிவமைத்துக்கொண்டார். பழகினார். ஒரு நாளில் நூறு கண்புரை அறுவை வரை செய்யும் அளவுக்கு அந்தக் கை தேர்ந்தது. வாழ்நாளில் அவர் செய்த அறுவைகள் ஒரு லட்சத்துக்கும் மேல். 1956இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் பிரிவின் தலைவரானார். கிராமம் கிராமமாக முகாம் நடத்தினார். 1973இல் பத்மஸ்ரீ வந்தது. 1976இல், 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு. பெரும்பாலானோர் பென்ஷன் புத்தகத்தை வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்காரும் அந்த வயதில், வீட்டை அடமானம் வைத்து மதுரையில் 11 படுக்கைகளோடு ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதுதான் அரவிந்த். பணம் கொடுக்க முடிந்தவர்களிடம் வாங்கி, முடியாதவர்களுக்கு இலவசமாகச் செய்யும் ஏற்பாடு.

அங்கே அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள் போட்டிருப்பார்கள். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்தவரைத் தயார் செய்து வைத்துவிடுவார்கள். முடித்ததும் மருத்துவர் அப்படியே திரும்பிக்கொள்வார். மருத்துவர் மட்டுமே செய்ய முடிந்ததை மருத்துவர் செய்வார். மற்றதையெல்லாம் பயிற்சி பெற்ற பெண்கள் செய்வார்கள். பெரும்பாலும் கிராமத்திலிருந்து வந்த பெண்கள். கையின் ஒவ்வோர் அசைவையும் எண்ணிச் செலவழிக்க வேண்டியிருந்த ஒருவர் கட்டிய இடத்தில் இப்படியோர் ஏற்பாடு இருப்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்து ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தபோது, 1992இல் அரோலேப் என்று தனியே ஒரு தொழிற்கூடம் தொடங்கி, அதை மிகக் குறைந்த விலைக்கு இங்கேயே செய்தார்கள்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் "நோயை வென்றார்" என்று எழுதிவிடுகிறார்கள். படிக்கும்போது எனக்கு எரிச்சல் வரும். 2006 ஜூலையில், 87 வயதில் அவர் மறையும்வரை அந்தக் கை கோணலாகத்தான் இருந்தது. அவர் வென்றது வேறு எதையோ. நோய் அப்படியே இருந்தது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவருக்கு மருத்துவப் படிப்பு இருந்தது, இருபது ஆண்டு அரசுப் பதவி இருந்தது, கூடப்பிறந்தவர்களும் அவர்களுடைய துணைவர்களும் தங்கள் வாழ்க்கையையே அந்த மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். உங்களுக்கும் எனக்கும் அதெல்லாம் இல்லை. "அவர் செய்தார், உன்னால் முடியாதா?" என்று யாராவது கேட்டால் அவர்களுக்கும் ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

தொழிலுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஒன்று பிரான்சில் இருக்கிறது. ஓவியர் ரெனுவார். ஏறக்குறைய ஐம்பது வயதில், 1892 வாக்கில் அவருக்கு இந்த நோய் தொடங்கியது. 1919இல் இறக்கும்வரை வரைந்துகொண்டே இருந்தார், கடைசி ஏழெட்டு ஆண்டுகள் சக்கர நாற்காலியில் இருந்தபடி. தூரிகையைக் கையில் கட்டிக்கொண்டு வரைந்தார் என்று ஒரு கதை உலவுகிறது. உண்மை அதைவிட எளிமையானது: மடங்கிய விரல் நகங்கள் உள்ளங்கையைக் குத்திப் புண்ணாக்காமலிருக்கத் துணி சுற்றியிருந்தார்கள், தூரிகையை யாராவது எடுத்துக் கையில் வைப்பார்கள், அவர் பிடித்துக்கொள்வார். 1915இல் எடுத்த அசையும் படம் ஒன்றில் அந்தக் கையைப் பார்க்கலாம். பறவையின் நகம்போல் சுருண்ட கை, சின்னச் சின்னத் தொடுதலாக வண்ணம் வைத்துக்கொண்டே போகும்.

பெரிய படம் வரையக் கை எட்டவில்லை. அதற்கு அவர் கையை நீட்டப் போராடவில்லை. துணியை உருளையில் சுற்றி, வேண்டிய பகுதியை உருட்டித் தன் கைக்கு எதிரே கொண்டு வரும்படி ஒரு சட்டம் செய்து வாங்கினார். நோய் முற்றுவதற்கு முன் காலையில் மூன்று சிறு பந்துகளை எறிந்து எறிந்து பிடித்துக் கைக்குப் பயிற்சி கொடுத்துவந்தார். அது முடியாமல் போனதும் வேறு எளிய விளையாட்டுக்கு மாறினார். 1913 முதல் சிற்பமும் செய்தார். களிமண் பிசையும் வலு அவர் கையில் இல்லை. ரிச்சர்ட் கினோ என்ற இளம் சிற்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இங்கே கொஞ்சம் கூட்டு, அங்கே கொஞ்சம் குறை என்று சொல்லிச் சொல்லிச் செய்வித்தார். கை கினோவுடையது, கண் ரெனுவாருடையது. பல ஆண்டுகளுக்குப் பிறகு இது நீதிமன்றம்வரை போய், 1973இல் பிரான்சின் உச்ச நீதிமன்றம் கினோவையும் அந்தச் சிற்பங்களின் படைப்பாளி என்று ஏற்றுக்கொண்டது. இதை ஏன் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

இப்போது உங்கள் தையலுக்கு வருகிறேன்.

என் பள்ளியில் முதல் பாடவேளை 9.30 மணிக்கு. என் கை திறப்பது பத்து மணிக்கு மேல். முதல் பாடவேளையில் சாக்பீஸ் பிடித்துக் கையைத் தோளுக்கு மேல் தூக்கிக் கரும்பலகையில் எழுதுவது எனக்கு என்னவாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு ஆண்டுகள் அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன், போராடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு. பிறகு ஒரு நாள் கணக்கு வாத்தியார் புத்தி வேலை செய்தது. ஒரு நாற்பது பக்க நோட்டில் இரண்டு வாரம், தூக்கம் போக ஒவ்வொரு மணிக்கும் ஓர் எண் எழுதினேன். சாவி திருப்ப முடியவில்லை என்றால் 0. திருப்ப முடிகிறது, வலிக்கிறது என்றால் 1. வலியில்லாமல் முடிகிறது என்றால் 2. இரண்டு வாரம் கழித்து நோட்டைப் பார்த்தால், "எப்போதும் வலி" என்று நான் நினைத்திருந்தது பொய். காலை 9.45 வரை பூஜ்யம். பத்தரையிலிருந்து மூன்று மணிவரை பெரும்பாலும் 2. சாயங்காலம் 1. நாலரை மணி நேரம் எனக்கு நல்ல கை இருந்திருக்கிறது, நான் அதைக் கவனிக்கவே இல்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியையிடம் போனேன். என் முதல் பாடவேளையை மூன்றாவதாக மாற்றித் தாருங்கள் என்று கேட்டேன். எண்ணைப் பார்த்ததும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் என் இடத்துக்கு வர வேண்டியிருந்த சக ஆசிரியை மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அதையும் தாங்கிக்கொண்டேன். என் 19 ஆண்டுப் போராட்டம் என்று சொல்லிக்கொள்ள ஒன்று உண்டென்றால் இதுதான்: ஒரு பாடவேளையை இரண்டு இடம் தள்ளி வைத்தது. யாரும் இதற்குக் கைதட்டவில்லை.

நீங்களும் ஒரு நோட்டுப் போடுங்கள். மணிக்கு மணி. சாவிக்குப் பதில் கத்தரியை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேலைகளைத் தனித்தனியே பிரித்துப் பாருங்கள். ரவிக்கை தைப்பது என்பது ஒரு வேலை அல்ல. அளவு எடுப்பது, துணியில் கோடு போடுவது, வெட்டுவது, டக்குப் பிடிப்பது, மெஷினில் ஓட்டுவது, கொக்கி வைப்பது, ஓரம் மடித்துக் கைத்தையல் போடுவது, இஸ்திரி போடுவது. இவற்றில் வலு கேட்பது வெட்டுவது. விரலைக் கிள்ளிப் பிடிக்கச் சொல்வது கொக்கி வைப்பதும் கைத்தையலும். அளவெடுக்கவும் கோடு போடவும் வேண்டியது கண்ணும் மூளையும்தான். எந்தத் தோளுக்கு எவ்வளவு இறக்கம், எந்தக் கழுத்துக்கு எவ்வளவு சரிவு என்று உங்களுக்குத் தெரிந்ததை எந்த வீக்கமும் தொட முடியாது.

வெட்டுவதற்கு ஒரு பெண்ணை வைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். தெருவில் தையல் பழக விரும்பும் பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும். நீங்கள் கோடு போடுங்கள், அவள் வெட்டட்டும். வெட்டுக்கு இவ்வளவு என்று கூலியை முதல் நாளே பேசிக் கையில் கொடுத்துவிடுங்கள். கினோவின் வழக்கைச் சொன்னது இதற்காகத்தான். கற்றுக்கொடுக்கிறேன் என்ற பெயரில் சும்மா வேலை வாங்கினால் பிற்பாடு மனக்கசப்புதான் மிஞ்சும். ஆள் வைக்க இப்போது கட்டுப்படியாகாது என்றால், கைப்பிடிக்குள் சுருள்வில் வைத்த கத்தரி கிடைக்கிறது. அழுத்தினால் போதும், தானே திறந்துகொள்ளும். திறக்கும் பாதி வேலை மிச்சம். சக்கரம்போல் உருட்டி வெட்டும் வட்டக் கத்தியும் உண்டு, ஆனால் அதற்கு அடியில் விரிக்கத் தனிப் பலகை வேண்டும், விலையும் கொஞ்சம் கூடுதல். முழங்காலும் வீங்குகிறது என்றால் கால் மெஷினுக்கு மோட்டார் மாட்டுங்கள். கரண்டி, கத்தி, சீவுளி எல்லாவற்றின் பிடியிலும் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றுங்கள். பிடி தடித்தால் விரல் குறைவாக மடங்கினால் போதும். என் வீட்டுச் சமையலறையைப் பார்க்கிறவர்கள் சைக்கிள் கடையா என்று கேட்பார்கள்.

வீங்கிச் சூடாக இருக்கும் நாளில் வேலை செய்யாதீர்கள். அந்த நாளில் ஓய்வும் வேலைதான். மற்ற நாளில் கையைச் சும்மா வைத்திருக்காதீர்கள். வெந்நீரில் முக்கி மெல்ல மடக்கி நீட்டுங்கள். எந்தப் பயிற்சி, எவ்வளவு என்பதைப் பிசியோதெரபி தெரிந்தவரிடம் ஒரு முறையாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. எழுதாததே ஒரு செய்தி என்று எனக்குப் படுகிறது. இந்த நோயில் மதியம் நன்றாக இருப்போம், காலையில் நொண்டியிருப்போம்; பார்க்கிறவர்களுக்கு இது நடிப்பு மாதிரித் தெரியும். என் மாமியாருக்கே முதலில் அப்படித்தான் தெரிந்தது. விளக்கிச் சொல்லிச் சொல்லித் தோற்ற பிறகு, ஒரு நாள் விடியற்காலை அவரைக் கூப்பிட்டு, என் கையை அவர் கைக்குள் வைத்து, "அத்தை, நீங்களே மடக்கிப் பாருங்கள்" என்றேன். மடக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து மாவாட்டும் வேலை என்னிடமிருந்து போய்விட்டது. உங்கள் வீட்டிலும் யார் கையிலாவது உங்கள் கையை வைத்துப் பாருங்கள், காலை ஆறு மணிக்கு.

மனசு விட்டுப்போகிற நாட்கள் வரும். இந்த நோயோடு மனச்சோர்வும் பலருக்கு வருகிறது. அது குணக்கேடு அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமில்லை, இருந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறது என்றால், மூட்டு வலியைச் சொல்வதுபோலவே அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கும் மருந்து இருக்கிறது. நான் ஓர் ஆண்டு எடுத்துக்கொண்டேன்.

கடைசியாக ஒன்று. இது அறிவுரை அல்ல, வேலை.

என் ரவிக்கைக்கு ஆறு கொக்கி. மகள் விடுதிக்குப் போன பிறகு காலையில் அந்த ஆறையும் போட எனக்குப் பதினோரு நிமிடம் ஆகிறது. கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். பிரஸ் பட்டன் வைத்துப் பார்த்தேன், அழுத்தும்போது கட்டைவிரல் அலறுகிறது. வெல்க்ரோ வைத்துப் பார்த்தேன், நாலு துவையலில் நூலையும் முடியையும் பிடித்துக்கொண்டு பிடிப்பே போய்விட்டது. என் தையல்காரரிடம் சொன்னால், "எல்லோரும் இப்படித்தானே டீச்சர் போடுகிறார்கள்" என்கிறார். அவர் கை நல்ல கை, அவருக்குத் தெரியாது. கொக்கி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எந்த இடத்தில் இருந்தால் விரலை மடக்காமல் மாட்டலாம் என்று உங்கள் கைக்குத் தெரியும். காலை ஏழு மணிக்கு உங்களால் போட முடிந்தால் என்னாலும் போட முடியும்.

அளவு ரவிக்கை ஒன்று அனுப்பிவைக்கிறேன். பருத்தித் துணி, லைனிங் வேண்டாம், கை முழங்கைவரை. கூலியை நீங்களே சொல்லுங்கள், பேரம் பேச மாட்டேன். என்றைக்குத் தருவீர்கள் என்று மட்டும் தேதி சொல்லாதீர்கள்.